சடை போட்ட படம், மொட்டை போட்ட படம்

இரண்டு வாரத்துக்கு முன்னால் புத்தூரில் இருக்கும் கமலா அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்காவின் மூத்த பிள்ளை பாஸ்கர் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தான்.

மஸ்கட்டிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடா வருகிறார்கள்? டேப் ரிக்கார்டர், சென்ட், கண்ணைப் பறிக்கிற நைலக்ஸ் சேலை… இதெல்லாம் போக ஒரு கேமரா. கேமரா என்றால் சும்மா இல்லை, அதற்கு மூன்று லென்ஸ். குட்டையாக ஒன்று, நடுத்தரமாக ஒன்று, முழங்கை நீளத்துக்கு ஒன்று. மூன்றையும் தனித்தனியே துடைத்து, பஞ்சு வைத்த பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தான்.

வந்த நாளிலிருந்து அம்மாவைத்தான் படம் எடுத்திருக்கிறான். முழுசாக இரண்டு ரோல். மெட்ராஸுக்கு அனுப்பி, பிரிண்ட் போட்டு, நான் போன அன்றைக்குத்தான் கைக்கு வந்திருந்தது. கட்டில் மேல் பரப்பி வைத்துக்கொண்டு வாடிய முகத்தோடு உட்கார்ந்திருந்தான்.

நானும் பார்த்தேன். என்ன துல்லியம்! சேலையின் இழையை எண்ணிவிடலாம். மூக்குத்தியின் கல் மினுங்குகிறது. பின்னால் கொடியில் காய்கிற துண்டின் கிழிசல்கூடத் தெரிகிறது. அக்காவைத்தான் காணோம். உதட்டை இறுக்கிக்கொண்டு, ரேஷன் கடை வரிசையில் நிற்கிற முகத்தோடு வேறு யாரோ ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அவனுக்கு லீவு முடியப் போகிறது. அங்கே அவன் அறைச் சுவரில் மாட்ட அம்மாவின் படம் ஒன்று வேண்டும். வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க ஒன்றே ஒன்று. அதற்காகவே கேமரா வாங்கினானாம்.

“இந்த லென்ஸுங்க சரியில்ல சித்தி. மொகம் எடுக்கறதுக்குன்னே தனியா ஒண்ணு இருக்குதாம். அத்த வாங்கணும்” என்றான்.

சொல்லிவிட்டு எதிர்ச் சுவரைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவன் பார்த்துக்கொண்டிருக்கிற படம்தான். கறுப்பு வெள்ளை, ஓரமெல்லாம் பழுப்பேறியிருக்கிறது. வயசுப் பெண் ஒருத்தி, தலை முழுக்க மொட்டை, மொட்டையில் சந்தனம். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் எதையோ பார்த்து, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கண் பாதி மூடியிருக்கிறது. தோளிலிருந்து முந்தானை நழுவிக்கொண்டிருக்கிறது.

“அந்தப் படம் எந்தக் கேமரால எடுத்தது சித்தி?”

அக்கா சட்டென்று எழுந்து சமையற்கட்டுக்குப் போய்விட்டாள். ஈஸிச்சேரில் இருந்த மாமா மட்டும் பேப்பருக்குப் பின்னால் சிரித்தார். அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் அப்படி ஒரு சிரிப்பு அவருக்கு உண்டு.

எந்தக் கேமரா? நல்ல கேள்விதான்.

அப்போது நாங்கள் நகரியில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவருக்குக் கைத்தறி. எனக்கும் அக்காவுக்கும் இரண்டு வயசுதான் வித்தியாசம். வீட்டில் சிரிப்பு என்றால் அது அக்காதான். தறிச் சத்தத்தையும் மீறித் தெருக்கோடிவரை கேட்கும். பொண்ணாப் பொறந்தவ இப்படியா சிரிப்பாள் என்று அம்மா தினமும் ஒரு தரமாவது தலையில் அடித்துக்கொள்வாள்.

ஆனால் கேமராவைக் கண்டால் போதும், அக்காவுக்கு என்ன ஆகுமோ தெரியாது. கல்லாகிவிடுவாள். மாப்பிள்ளை வீட்டுக்கென்று நகரியில் எடுத்த படம் போன வேகத்தில் திரும்பி வந்தது. இன்னொரு இடத்துக்கு அனுப்பியதும் திரும்பி வந்தது. பொண்ணு ரொம்ப சிடுசிடுப்பு போல என்று யாரோ சொன்னார்களாம். அக்காவையா! கேட்டுவிட்டு நான்தான் சண்டைக்குப் போகிற மாதிரி கத்தினேன். அன்றைக்கெல்லாம் அக்கா சிரிக்கவில்லை.

அம்மா வேறு கணக்குப் போட்டாள். சின்ன வயசில் அக்காவுக்கு டைபாய்டு வந்து, பிழைத்தால் மொட்டை போடுவதாகத் திருப்பதிக்கு வேண்டிக்கொண்டிருந்தாள். பிழைத்தாள், முடியும் வளர்ந்தது. அது வளர்ந்த அழகைப் பார்த்து அம்மாவுக்கு மனசு வரவில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்று தள்ளிக்கொண்டே வந்ததில் சடை இடுப்பைத் தாண்டிவிட்டது. கல்யாணம் தட்டிப் போவதற்குக் காரணம் அந்த வேண்டுதல் பாக்கிதான் என்று இப்போது அம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது.

மொட்டை போட்டால் எவன் கட்டுவான்? போடாவிட்டால் கல்யாணமே ஆகாது. என்ன செய்வது?

அம்மா வழி கண்டுபிடித்தாள். முதலில் திருப்பதியிலேயே பெரிய ஸ்டுடியோவில், பூ தைத்த சடையோடு அமர்க்களமாக ஒரு படம். மறுநாள் மலையில் மொட்டை. படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பெண் பார்க்கிறதை மட்டும் முடி வளர்கிறவரை தள்ளிப்போடுவது. ஆடி ஆகாது, புரட்டாசி வேண்டாம், மார்கழி கூடாது… நம் காலண்டரில் தள்ளிப்போட மாதத்துக்கா பஞ்சம்?

நைனாவுக்கு இது பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஆனால் அம்மா முடிவு செய்துவிட்ட விஷயத்தில் வாய் திறக்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

பாசஞ்சர் ரயிலில் போய் இறங்கினோம். ஸ்டுடியோ இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. மூன்று கால் ஸ்டாண்டின் மேல் பீரோ மாதிரி ஒரு கேமரா, அதன் முதுகில் கறுப்புத் துணி. பின்னால் படியும் பூந்தொட்டியும் வரைந்த திரை. இரண்டு பக்கமும் தகிக்கிற லைட். அக்காவைச் சின்ன ஸ்டூலில் உட்கார வைத்து, சடை தெரிவதற்காகப் பின்னால் நிலைக்கண்ணாடியை நிறுத்தினார்கள். ஸ்டுடியோக்காரர் கெட்டிக்காரர்தான். மோவாயைத் தூக்கச் சொன்னார், தோளை இறக்கச் சொன்னார், மூச்சைப் பிடிக்கச் சொன்னார். அக்கா சொன்னதெல்லாம் செய்தாள். கடைசியில் அவர் கேமராவிலிருந்து தொங்கிய ரப்பர்க் குமிழை அமுக்கியபோது, அங்கே உட்கார்ந்திருந்தது அக்காவே இல்லை.

மறுநாள் மத்தியானம் வந்தால் பிரிண்ட் கொடுத்துவிடுவேன் என்றார். நாங்கள் அலிபிரிக்குப் போய் மலையேற ஆரம்பித்தோம்.

அந்த ஏற்றம் நிஜமாகவே நடந்ததா என்று எனக்கு இப்போதும் சந்தேகம் வருவதுண்டு. படி, படி, அப்புறமும் படி. எங்கோ மேலே ஒரு கூட்டம் கோவிந்தா சொல்லும். அந்தச் சத்தம் மரங்களுக்குள் சுற்றி, தாமதமாக எங்களிடம் வந்து சேரும். எனக்கு முன்னால் அக்காவின் சடை. பூ தைத்தபடியே இருந்த சடை, ஒவ்வொரு படிக்கும் இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம்… அதையே பார்த்துக்கொண்டு ஏறினேன். நாளைக்கு இது இருக்காது என்பது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. எட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

காலையில் மலை முழுக்க மேகம் இறங்கியிருந்தது. பக்கத்தில் நிற்கிறவர்கள் தெரிந்தார்கள், தள்ளி நிற்கிறவர்கள் தெரியவில்லை. கல்யாணகட்டாவில் வரிசையாக உட்கார்ந்திருந்த நாவிதர்களில் ஒருவர் முன்னால் அக்கா போய் உட்கார்ந்தாள். அதுவரை தைரியமாகத்தான் இருந்தாள். சடையைப் பிரித்து, தண்ணீர் தெளித்து, இரண்டு முடிச்சாகப் போட்டதும் கண்ணிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. சத்தமே இல்லை. அம்மா தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிரித்தெடுத்த பூவை என் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றேன்.

அப்போதுதான் நைனா தோள் பையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். போய் அக்கா பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். அவருக்கு வேண்டுதல் எதுவும் கிடையாது. நாவிதரிடம், தலையோடு மீசையையும் எடுத்துவிடச் சொன்னார்.

நைனாவின் மீசையை நீங்கள் பார்த்ததில்லை. மீசை இல்லாத நைனாவை நாங்களும் பார்த்ததில்லை. அம்மாவே பார்த்ததில்லை. உங்களுக்கு என்ன வந்தது என்று அம்மா பதறினாள்.

“அவ மட்டும் தனியா உக்காந்துக்கினு இருக்கணுமா?” என்றார் நைனா. அவ்வளவுதான்.

ஆனால் அக்கா இது எதையும் பார்க்கவில்லை. முந்தானையை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தவள் எழுந்தவள்தான். குளித்தபோதும், சந்தனம் பூசியபோதும், தரிசன வரிசையிலும், இறங்குகிற பஸ்ஸிலும் குனிந்த தலை நிமிரவே இல்லை. ஜன்னல் வழியே மேகம் உள்ளே வந்து அவள் முக்காட்டில் ஈரமாக உட்கார்ந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்; அது சில்லென்று இருந்தது.

அதே முக்காட்டோடுதான் மத்தியானம் ஸ்டுடியோவுக்குள் வந்தாள். சடைப் படம் தயாராக இருந்தது. அம்மாவுக்குப் பரம திருப்தி. சடை, கண்ணாடியில் சடையின் பின்பக்கம், பூ, குஞ்சலம் எல்லாம் அச்சு அசலாக விழுந்திருந்தன. நைனா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். திருப்பிக் கொடுத்தார்.

திருப்பதி ஸ்டுடியோக்காரர்களுக்கு மொட்டைகளைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? இறங்கி வருகிற குடும்பமெல்லாம் எடுத்துக்கொள்வது அதைத்தானே! அப்பாவும் பெண்ணுமாக ஒன்று எடுக்கலாமே என்றார். கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு மொட்டைப் படமா, கூடவே கூடாது என்றாள் அம்மா. நைனா அன்றைக்கு இரண்டாவது தடவையாக அம்மா பேச்சை மீறினார். எடுங்கள் என்றார்.

அக்காவைப் பழைய ஸ்டூலிலேயே உட்கார வைத்தார்கள். முக்காட்டை மட்டும் விலக்கினாள். தலை குனிந்தேதான் இருந்தது. ஸ்டுடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் போய் வந்து, குமிழைக் கையில் வைத்துக்கொண்டு, நைனாவை வரச் சொன்னார். நைனா துண்டைச் சரி செய்துகொள்ள ஓரத்தில் இருந்த நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றார். முந்தின நாள் அக்காவின் சடைக்காக வைத்த அதே கண்ணாடி.

நின்றவர் அப்படியே நின்றுவிட்டார்.

கண்ணாடியில் யாரோ ஒரு ஆள். மொழுமொழுவென்று ஒரு முகம். நைனா மேலுதட்டைத் தடவிப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த ஆளும் தடவினான். நைனா கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தார். ஒரு அடி பின்னால் வைத்து, நிஜமான சந்தேகத்தோடு கேட்டார்:

“யார்ரா நீ?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். மீசையில்லாத நைனாவை முதல் தடவையாக அப்போதுதான் பார்க்கிறாள்.

அந்தச் சிரிப்பு இருக்கிறதே… நகரித் தெருக்கோடிவரை கேட்கிற சிரிப்பு, திருப்பதி ஸ்டுடியோவுக்குள் முழுசாக வெடித்தது. தோளிலிருந்து முந்தானை நழுவியது. கண்ணில் பாதி தண்ணீர். அம்மாகூட வாயைப் பொத்திக்கொண்டாள். ஸ்டுடியோக்காரர் மோவாயைத் தூக்கச் சொல்லவில்லை, மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை. அவர் கை தானாகக் குமிழை அமுக்கிவிட்டது.

அப்புறம் நைனாவையும் உட்கார வைத்து ஒன்று எடுத்தார். அதில் இருவருமே கல்.

யோசித்துப் பாருங்கள். முந்தின நாள் எடுத்ததும் அதே கேமராதான். அதே லைட், அதே ஸ்டூல், அதே ஆள். ஒரு நாள் இடைவெளியில் என்ன மாறியது? சடை போயிருந்தது. எதிரே பார்த்துச் சிரிக்க ஒரு முகம் வந்திருந்தது. அவ்வளவுதானே?

கதை இங்கே முடியவில்லை.

புத்தூரில் ஒரு இடம் கூடி வந்தது. பையனுக்கு ரேணிகுண்டாவில் ரயில்வே வேலை. எங்கள் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வந்து, நைனா ஒட்டிக்கொடுத்த கவரை வாங்கிக்கொண்டு போனார். நாலைந்து நாள் கழித்து எதையோ எடுக்க அம்மா பெட்டியைத் திறந்தாள். சேலைக்கு அடியில் சடைப் படம் இருந்தது. மொட்டைப் படத்தைக் காணோம்.

அம்மா உட்கார்ந்து அழுதுவிட்டாள். இந்த மனுஷனுக்குக் கண் அவிந்துபோச்சா, எந்தப் படத்தை வைக்கிறோம் என்றுகூடத் தெரியாதா, என் பெண் வாழ்க்கை போச்சே என்று ஒரே புலம்பல். நைனா எழுந்தார். போய்த் தறியில் உட்கார்ந்தார். அக்கா, குட்டையாக முளைத்த முடியைத் தடவிக்கொண்டு மூலையில் நின்றாள். இந்த இடமும் போச்சு என்று அவள் முகத்திலேயே எழுதியிருந்தது. நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். புத்தூரிலிருந்து ஒரு தகவலும் இல்லை.

பிறகு ஒருநாள் சொந்தக்காரர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம்!

வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அண்ணன், அவர் அம்மா. அந்த அம்மாள் கறாரானவர் என்று முன்னாலேயே கேள்விப்பட்டிருந்தோம். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். உட்கார்ந்ததும் மடியிலிருந்து கவரை எடுத்து, எங்கள் முன்னால் படத்தை வைத்தார். தெரியாமல் தப்பாக வந்துவிட்டது, நல்ல படம் ஒன்று இருக்கிறது, இதோ எடுத்து வருகிறேன் என்று அம்மா எழுந்தாள்.

“தப்பால்லாம் வரலம்மா” என்று அந்த அம்மாளிடம் சொன்னார் நைனா.

எல்லோரும் அவரைப் பார்த்தோம். மீசை அப்போதுதான் அரைகுறையாக முளைத்துக்கொண்டிருந்தது.

“நான்தான் வச்சேன். அந்தப் படத்துல சடைதான் இருக்குது. இதுலதான் எம் பொண்ணு இருக்குறா.”

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நைனா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அந்த அம்மாள் அக்காவை அருகில் கூப்பிட்டார். தலையிலிருந்து முக்காட்டை அவரே விலக்கிப் பார்த்தார். பிறகு படத்தைக் காட்டி, “எந்துக்கம்மா நவ்வினாவு?” என்றார். எதற்குச் சிரித்தாய் என்கிறார். படம் வந்த நாளிலிருந்து அவர் பையன் இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறானாம். ஆபீஸ் போகும்போது, சாப்பிடும்போது… பொண்ணு எதைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று தெரியாமல் அவனுக்குத் தூக்கமே இல்லையாம். கேட்டுத் தெரிந்துகொண்டு போகத்தான் வந்தார்களாம்.

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். காதெல்லாம் சிவந்திருந்தது.

அக்கா மெல்ல நைனா பக்கம் திரும்பினாள். “நைனாவோட மீச” என்றாள். அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அந்தச் சிரிப்பு திரும்ப வந்துவிட்டது. அந்த அம்மாளும் அரைகுறை மீசையைப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு குலுங்கியது. நைனா மட்டும் மேலுதட்டைக் கையால் மூடிக்கொண்டு சங்கடமாக உட்கார்ந்திருந்தார்.

முடி கழுத்துவரை வளர்ந்ததும் சவுரி வைத்துக் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணத்தின் மாப்பிள்ளைதான் இதோ, ஈஸிச்சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிற மாமா.

முழுக் கதையையும் பாஸ்கருக்குச் சொன்னேன். ஆடாமல் அசையாமல் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

“அதெல்லாம் சரி சித்தி. அது என்ன கேமரா?”

மாமா பேப்பரை மடித்து வைத்தார். “என்னைப் பாத்து ஒரு நாளாவது உங்கம்மா அப்பிடி சிரிச்சிருக்காளான்னு கேளுடா” என்றார். உள்ளே பாத்திரச் சத்தம் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. பாஸ்கருக்கும் அடர்த்தியாக ஒரு மீசை உண்டு. தினம் சீப்பு வைத்துச் சீவுவான். “லென்ஸ் மாத்தறது இருக்கட்டும்… முதல்ல மீசையை எடுடா” என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா பின்கட்டில் முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயில் சாய்வாக வந்து அரிசி மேல் விழுந்திருந்தது. பாஸ்கர் குளியலறையிலிருந்து துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து அவள் எதிரே நின்றான். துண்டை எடுத்தான்.

அக்கா நிமிர்ந்தாள். விரலிடுக்கிலிருந்த கல் கீழே விழுந்தது.

“ஐயோ… நைனா” என்றாள்.

அப்படியே உரித்து வைத்த நைனா. அந்த ஸ்டுடியோக் கண்ணாடிக்குள் நின்ற அதே மொழுமொழு முகம். நைனா போய் எத்தனையோ வருஷமாகிறது. அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முறம் குலுங்கி அரிசி சிதறியது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் தோன்றாமல் சிரித்தாள்.

பாஸ்கரும் சிரித்துக்கொண்டிருந்தான், படம் எடுக்கிற நினைப்பே அவனுக்கு இல்லை. கேமரா பின்கட்டு வாசலை ஒட்டி, என் பக்கத்தில் கட்டில் மேல் கிடந்தது. கேமராவை நான் அதற்குமுன் கையால் தொட்டதில்லை. எடுத்தேன், கிடைத்த பொத்தானை அமுக்கினேன்.

ஊருக்குக் கிளம்புவதற்குள் திருப்பதியில் கொடுத்துப் பிரிண்ட் போட்டுவிட்டான். ஓரத்தில் என் விரல் விழுந்திருக்கிறது. முறம் பளிச்சென்று இருக்கிறது, முகம் கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அக்கா இருக்கிறாள். அவன் பெட்டியோடு மஸ்கட்டுக்குப் போனது அந்தப் படம்தான். முழங்கை நீள லென்ஸ் புத்தூரில் பீரோ மேல் தூங்குகிறது.

கேமரா வாங்கலாமென்று இருக்கிறீர்களா? தாராளமாக வாங்குங்கள்… அதற்கு முன்னால், வீட்டில் யாருக்காவது மீசை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்!